இர்குட்ஸ்க் நகரில் இரண்டு நாட்கள்

மொஸ்கோவில் புகையிரதம் ஏறிய இரவு, மகன் தனது கைத்தொலைபேசியில் கிப்லா பார்த்துச் சொன்னான்: "வலப்பக்க யன்னல், உம்மா."

மொஸ்கோவிலிருந்து பார்த்தால் மக்கா ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. வண்டியோ கிழக்கு நோக்கி ஓடுகிறது. எனவே வலப்பக்கம் திரும்பி நின்றால் போதும். இரண்டாம் நாள் இரவு ஓம்ஸ்க் நகரில் வண்டி நின்றபோது மறுபடி பார்த்தோம். கிப்லா தென்மேற்காகி விட்டது. நான்கு இரவுகளை வண்டியில் கழித்து இர்குட்ஸ்கில் இறங்கிய காலையில் கிப்லா ஏறத்தாழ மேற்கே, நமது நாட்டில் இருப்பது போலவே வந்து நின்றது. வலப்பக்கம் இருந்த கஃபா நமக்குப் பின்னால் போய்விட்டது. பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். தொழுகை விரிப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டபோதுதான் அதை உணர்ந்தேன்.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி அது. ரஷ்யாவில் மருத்துவம் படித்து முடித்த மகனை அழைத்துவர நானும் கணவரும் போயிருந்தோம். விமானத்தில் ஏறிக் கொழும்பில் இறங்கினால் இந்த நாட்டைப் பார்த்ததாக ஆகாது, சைபீரியா வழியாகப் புகையிரதத்தில் பீஜிங் போய் அங்கிருந்து விமானம் ஏறுவோம் என்பது அவனுடைய யோசனை. இடையில் இர்குட்ஸ்கில் இரண்டு நாள் தங்கல்.

அந்த வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நமது பெண்கள் எப்படி வீதியில் நடந்தார்கள் என்பதை வாசகியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலையை மறைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறவே தயங்கிய நாட்கள். அந்தப் பயத்தோடுதான் ரஷ்யப் பெட்டிக்குள்ளும் ஏறினேன். எதிர்ப் படுக்கையில் ஒரு வயதான ரஷ்ய அம்மா. என்னையே நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனிடம் ஏதோ கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது. "இந்தக் கோடையில் உன் தாய்க்குத் தலை சுடவில்லையா என்று கேட்கிறார்" என்றான். மறுநாள் காலையில் அவரே பூப்போட்ட ஒரு துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, எனக்கு ஒரு வெள்ளரிக்காய் நறுக்கித் தந்தார்.

வண்டி வாழ்க்கையைப் பற்றிப் பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு கொதிநீர்க் கலன் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் வெந்நீர் எடுக்கலாம், காசில்லை. பிளேன்டீக்குக் குறைவே இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் உலோகப் பிடி போட்ட கண்ணாடிக் குவளை தருவாள். அவள் விற்ற தேயிலைப் பையில் 'சிலோன்' என்று ரஷ்ய எழுத்தில் இருந்ததை மகன் வாசித்துக் காட்டினான். இறைச்சி விஷயத்தில் சந்தேகம் இருந்ததால் நாங்கள் கொண்டுபோன மாசிச் சம்பல், பாண், பேரீச்சம்பழம், அவித்த உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு சமாளித்தோம். எங்கள் பெட்டியில் நிலையம் நெருங்கும்போது கழிவறையைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே முன்கூட்டியே வுழூச் செய்துவிட்டு, வண்டி நின்றதும் இரண்டு படுக்கைகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தொழுதோம். லுஹரோடு அஸர், மஃரிபோடு இஷா, சுருக்கியும் சேர்த்தும். பயணிக்குக் கிடைத்த இந்தச் சலுகை எவ்வளவு பெரிய அருள் என்பது ஊரில் இருக்கும்போது தெரிவதில்லை.

இஷாவில் ஒரு சிக்கல் உண்டு. சைபீரியாவின் வட பகுதிகளில் ஜூன் மாத இரவு முழுமையாக இருட்டுவதில்லை. சூரியன் மறைந்த பிறகும் வடக்கு அடிவானத்தில் ஒரு வெளிச்சம் விடியும்வரை மிச்சமிருக்கிறது. செவ்வானம் மறைந்தால் இஷா என்று படித்த நமக்கு இது புதுமை. ரஷ்ய முஸ்லிம்களுக்கோ இது பழைய கேள்வி. செவ்வானம் மறையாத ஊரில் இஷா கடமையா, இல்லையா என்று வோல்கா நதிக்கரைத் தாத்தாரிய உலமாக்கள் நெடுங்காலம் வாதித்திருக்கிறார்கள். கஸான் நகரின் ஷிஹாபுத்தீன் மர்ஜானி என்ற பேரறிஞர், கடமைதான் என்று நிறுவ அரபியில் ஒரு தனி நூலே எழுதி 1870இல் வெளியிட்டார். நான் அதை அறிந்தது பிறகுதான். அந்த இரவில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மஃரிபோடு சேர்த்துத் தொழுதுவிடுவதுதான்.

இர்குட்ஸ்க் நிலையம் அங்காரா நதியின் ஒரு கரையிலும், பழைய நகரம் மறுகரையிலும் இருக்கின்றன. பாலம் கடக்கும்போது நதி பச்சைக் கண்ணாடி போல, வேகமாக ஓடியது. பைகால் ஏரிக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட ஆறுகள் விழுகின்றன. வெளியே வருவது இந்த அங்காரா ஒன்று மட்டுமே.

1661இல் மரக்கோட்டையாகத் தொடங்கிய ஊர் இது. கம்பளித் தோலும், கியாக்தா எல்லை வழியாக வந்த சீனத் தேயிலையும் இதைச் செல்வந்த நகரமாக்கின. 1879இல் பெருந்தீ ஒன்று நகரின் பெரும் பகுதியை எரித்துவிட்டது. தப்பியவையும் பிறகு கட்டப்பட்டவையுமான மரவீடுகள் இன்னும் தெருத்தெருவாக நிற்கின்றன. யன்னல் சட்டமெங்கும் பூவேலை, சரிகைத் துணி தொங்கவிட்டது போன்ற செதுக்கல். காலப்போக்கில் வீதிகள் உயர்ந்து வீடுகள் தாழ்ந்து போனதால் சில வீடுகளின் யன்னல் நமது முழங்கால் மட்டத்தில் இருக்கிறது. குனிந்து பார்த்தால் உள்ளே பூச்சாடியும் ஒரு பூனையும்.

நகரச் சின்னம் ஒரு வேடிக்கை. சேபிள் என்ற கம்பளிப் பிராணியைக் கவ்விய புலிதான் பழைய சின்னம். சைபீரியாவில் புலிக்கு 'பப்ர்' என்பார்கள். பாரசீகத்திலும் அதே சொல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்னத்தை விவரித்து எழுதிய எழுதுவினைஞர் அது பீவரைக் குறிக்கும் 'பொப்ர்' என்ற ரஷ்யச் சொல்லின் பிழை என்று எண்ணித் திருத்திவிட்டார். அன்றிலிருந்து இர்குட்ஸ்க் புலிக்கு பீவரின் வாலும், தோல் படர்ந்த பாதமும். 2012இல் அதற்குப் பெரிய வெண்கலச் சிலையே வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் அதன் காலடியில் நின்று படம் எடுக்கிறார்கள்.

முதல் நாள் பிற்பகல் வொல்கொன்ஸ்கி வீட்டுக்குப் போனோம். இப்போது அது அருங்காட்சியகம். 1825 டிசம்பரில் ஸார் மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்த பிரபுக்குலத்து அதிகாரிகள் பலர் சைபீரியச் சுரங்கங்களுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். செர்கேய் வொல்கொன்ஸ்கி அவர்களில் ஒருவர். அந்தக் கைதிகளின் மனைவியரும் மணமகளாக நிச்சயிக்கப்பட்டவர்களுமாகப் பதினொரு பெண்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் குதிரை வண்டியில் பின்தொடர்ந்தார்கள். இர்குட்ஸ்கில் ஆளுநர் அவர்களை நிறுத்தி ஒரு பத்திரத்தில் கையொப்பம் கேட்டார். பிரபுக்குல உரிமை அனைத்தையும் இழக்க வேண்டும். சைபீரியாவில் பிறக்கும் பிள்ளைகள் அரசின் குடியானவர்களாகவே கணிக்கப்படுவார்கள். முதலில் வந்த எகத்தெரீனா துருபெத்ஸ்காயாவை மாதக்கணக்கில் தடுத்து வைத்துப் பார்த்தார். அவர் திரும்பிப் போகவில்லை. 1854இல் இந்த ஊரிலேயே இறந்து, இங்கேயே ஒரு கன்னியர் மடத்தின் வளவில் அடக்கமானார்.

மரியா வொல்கொன்ஸ்காயாவின் கதைதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கைக்குழந்தையைக் கணவர் வீட்டாரிடம் விட்டுவிட்டு 1826 இறுதியில் புறப்பட்டார். சுரங்கத்தில் கணவரைக் கண்டபோது முதலில் அவர் காலில் இருந்த சங்கிலியைத்தான் முத்தமிட்டாராம். 1828இல் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. தாய் அதை மறுபடி பார்க்கவே இல்லை.

"கணவனுக்காக எல்லாவற்றையும் விட்ட உத்தமி" என்றார் என் கணவர். "அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?" என்றேன் நான். கூடத்திலேயே நின்று சற்று நேரம் வாதித்தோம். மகன், "இரண்டு பேரும் மெதுவாகக் கதையுங்கள்" என்றான். இன்றுவரை எங்களுக்குள் அது தீரவில்லை.

இந்த வீட்டில் இருந்தவர்கள் தங்களைத் தண்டித்த ஊருக்கே கல்வியும் இசையும் கொடுத்தார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஒராபி பாஷா நினைவுக்கு வந்தார். 1883இல் எகிப்திலிருந்து இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட அவர், நமது பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தவர்களுக்குத் தோள் கொடுத்தார். 1892இல் கொழும்பில் ஸாஹிரா தொடங்கப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு. கண்டியில் அவர் வாழ்ந்த வீட்டைப் பல தடவை கடந்து போயிருக்கிறேன். ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. சைபீரியாவுக்கு வந்து அந்நியர் வீட்டுக்கு நுழைவுச்சீட்டு வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பைகால் ஏரிக்கரைக்குப் போய்வர வேண்டும் என்பது கணவரின் ஆசை. கரைக்கு அறுபது எழுபது கிலோமீற்றர். போனால் ஜும்ஆ தவறிவிடும். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்று அவரே சொன்னார். கடைசியில் அவரே, "சைபீரியாவில் ஒரு ஜும்ஆ மறுபடி எப்போது கிடைக்கப் போகிறது?" என்று பள்ளிக்குக் கிளம்பினார்.

பள்ளிவாசல் கார்ல் லீப்க்நெக்ட் வீதியில் இருக்கிறது. யூதர்களின் பழைய ஆலயமும் அதே வீதியில்தான். ஷஃபிகுல்லின் என்ற தாத்தாரிய வணிகச் சகோதரர்களின் பொருளுதவியால் சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த பள்ளி இது. இஸ்லாம் சைபீரியாவுக்கு அதைவிட மிகப் பழையது. ரஷ்யர் வருவதற்கு முன் குச்சும் கான் ஆண்ட முஸ்லிம் நாட்டின் 'சிபிர்' என்ற பெயரே இன்று சைபீரியா ஆகியிருக்கிறது. சோவியத் காலத்தில் பள்ளியை மூடினார்கள், மினாராவை இடித்தார்கள். போருக்குப் பின் கதவு திறந்தது. மினாரா மறுபடி எழுந்தது இந்த நூற்றாண்டில்தான்.

ஜும்ஆவுக்குக் கூட்டம் வீதிவரை வந்துவிட்டது. உஸ்பெக், தாஜிக், கிர்கிஸ் இளைஞர்கள், கட்டட வேலைக்கும் சந்தை வேலைக்கும் வந்தவர்கள், நடைபாதையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்தார்கள். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள். மத்திய கிழக்கில் இருக்கும் நமது பிள்ளைகளின் முகக் களைதான் அவர்களுக்கும்.

நான் எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாத்தாரிய மூதாட்டி ஸலாம் சொல்லி, என் கையைப் பிடித்துப் பெண்கள் தொழும் இடத்துக்குக் கூட்டிப் போனார். "கிஸிம்" என்றார். 'மகளே' என்று பொருளாம். தொழுகை முடிந்ததும் விடவில்லை. மூன்று பேரையும் பக்கத்துத் தெருவில் இருந்த தன் மரவீட்டுக்கு அழைத்துப் போனார்.

பால் ஊற்றிய தேநீர் வந்தது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து முக்கோணமாகச் சுட்ட எச்போச்மாக் வந்தது. நமது பற்றிஸின் மூத்த சகோதரி என்று சொல்லலாம். நான்கு நாளுக்குப் பிறகு ஹலாலான இறைச்சி. கணவர் நான்கு சாப்பிட்டார். லுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதுவருகிறோம் என்றதும் மூதாட்டி புருவத்தை உயர்த்தினார். அவர்கள் ஹனபிகள். பயணத்திலும் அப்படிச் சேர்ப்பதில்லை. அவர்களது அஸர் நேரமும் நம்முடையதைவிடப் பிந்தியது. 'ஷாஃபிஈக்களா?' என்று கேட்டுச் சிரித்து, இன்னொரு குவளை தேநீர் ஊற்றினார். 2016இல் ரமழான் ஜூனில் வந்தபோது மஃரிப் இரவு ஒன்பதரை மணிக்கு என்றும், அந்த நோன்பு முழுவதையும் தான் பிடித்ததாகவும் சொன்னார். நான் வாய் மூடிக் கேட்டிருந்தேன்.

பள்ளி மூடியிருந்த காலத்தில் யார் ஓதிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "அபிஸ்தாய்" என்றார். தாத்தாரியரிடையே மார்க்கம் அறிந்த பெண்களுக்கு அந்தப் பெயர். பள்ளியில் இமாம் இல்லாத காலத்தில் வீட்டுக்குள் சூராக்களையும் துஆக்களையும் சொல்லிக்கொடுத்தது, பிள்ளைக்குப் பெயர் வைத்தது, மையித்தைக் குளிப்பாட்டியது எல்லாம் அந்தப் பெண்களே. இவருக்கு இவரது தாய். திரையை இழுத்துவிட்டு, மாவு பிசைந்துகொண்டே சொல்லிக்கொடுப்பாராம். யாராவது கதவைத் தட்டினால் மாவு மட்டும்தான் தெரியும்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்தார். தாயின் கையெழுத்து. இங்கே ஒரு விபரம் சொல்ல வேண்டும். தாத்தாரிய மொழியை நூற்றாண்டுகளாக அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். 1920களின் கடைசியில் அரசு அதை லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. 1939இல் மறுபடி ரஷ்ய எழுத்துக்கு. தாய் எழுதியதை மகளால் வாசிக்க முடியாமல் போயிற்று. இவர் வயதான பின் அரபு எழுத்தைக் கற்கத் தொடங்கினாராம். கண் விடவில்லை.

முன்பக்கங்கள் அரபியில் துஆக்கள். அவற்றைப் பலர் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கடைசிப் பக்கம் தாத்தாரிய மொழி. அதை யாரிடமும் அவர் காட்டியதில்லை. "கடன் கணக்காக இருந்தால் வெட்கமல்லவா?" என்றார்.

எனக்கு மொழி தெரியாது, எழுத்துத் தெரியும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டி வாசித்தேன். அலிஃப், வாவ், நூன். "ஊன்" என்றேன். மூதாட்டி நிமிர்ந்து மகனிடம் ரஷ்ய மொழியில், "மாவு" என்றார். மீம், அலிஃப், யே. "மாய்." "வெண்ணெய்!" பே, அலிஃப், லாம். "பால்" என்றேன். பால்தானே என்று நானே பொருளும் சொல்லிக்கொண்டேன். இல்லையாம். அவர்கள் மொழியில் அது தேன். பிறகு ஜீமுக்கு மூன்று புள்ளி வைத்த எழுத்து, இரண்டு தடவை. மூதாட்டி என்னை முந்திக்கொண்டார். "சக்-சக்!" மாவை உருட்டிப் பொரித்துத் தேனில் பிசையும் அவர்களது பெருநாள் இனிப்பு அது. தாயின் கைப்பக்குவம் தனக்கு வரவே இல்லை என்று அறுபது வருடம் குறைப்பட்டவருக்கு, அளவு இத்தனை காலமும் அலமாரியில் இருந்திருக்கிறது. சில சொற்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. பிடிபட்டவற்றை மகன் ரஷ்ய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். அவர் அந்தத் தாளைக் கண்ணருகே வைத்து, உதடு அசைய, திரும்பத் திரும்ப வாசித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

என் உம்மும்மாவிடமும் ஒரு கிதாபு இருந்தது. மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'மகானி', அரபுத்தமிழில் அச்சிட்டது. வியாழன் இரவுகளில் அயல்வீட்டுப் பெண்களை உட்காரவைத்து வாசிப்பார். எங்கள் எழுத்தை எந்த அரசும் மாற்றவில்லை, எந்தப் பள்ளியையும் மூடவில்லை. ஆனாலும் என் உம்மாவோடு அந்த வாசிப்பு நின்றுவிட்டது. நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை. தாத்தாரியரின் சமையல் குறிப்பை வாசித்த எனக்கு, அன்றிரவு அதை நினைக்க நித்திரை வரவில்லை.

நித்திரைக்கு நேரமும் இல்லை. நள்ளிரவு தாண்டி வண்டி. "ரஹ்மத், கிஸிம்" என்று மூதாட்டி கட்டித்தந்த பொட்டலத்தோடு ஏறினோம். மலையில் வளைந்து வளைந்து இறங்கிய வண்டி, சுபஹ் நேரத்தில் ஸ்லுத்யான்கா என்ற ஊரில் சிறிது நேரம் நின்றது. நிலையக் கட்டடம் முழுக்கச் சலவைக்கல். அதற்கப்பால், இடப்பக்க யன்னல் நிறைய, பைகால். 1,642 மீற்றர் ஆழம், உலகின் உறையாத மேற்பரப்பு நன்னீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. கணவருக்கு ஏரி கிடைத்துவிட்டது. வண்டியின் பின்பக்கம் நோக்கி நின்று தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது தண்ணீர் ரோஜா நிறமாகியிருந்தது.

ஊருக்கு வந்த பிறகு உம்மும்மாவின் பெட்டகத்தைத் திறந்தேன். கிதாபின் முன்பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. மிச்சத்தைத் தங்கையின் மகளோடு உட்கார்ந்து கூட்டி வாசித்து வருகிறோம். அதிகப் புள்ளி வைத்த எழுத்துக்கள் வந்தால் பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்கிறோம். தொண்ணூறு வயதான அவருக்குத்தான் எங்கள் தெருவில் அது இன்னும் தெரியும். ஒரு பெருநாளுக்குச் சக்-சக்கும் செய்து பார்த்தேன். தேன் போதாமல் கித்துள் பாணி ஊற்றினேன். மகன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "பரவாயில்லை உம்மா, ஆனால் இது இர்குட்ஸ்க் இல்லை, கேகாலை" என்றான்.